எல்லாக் கணக்கும் தீர்ந்தது

லொறித் தொழிலில் உள்ளோரிடையே ஒரு பேச்சு வழங்கி வருகிறது. ஒரு முதலாளியை விட்டு நீங்கி இன்னொருவரிடம் வேலை கேட்டு வரும் சாரதியிடம் முதலில் வினவப்படுவது அவனுடைய அனுமதிப்பத்திரம் அன்று. "அங்கையிருந்து நல்ல மாதிரி விட்டிட்டு வந்தனீரோ?" என்பதே முதற் கேள்வி. ஓம் என்றால் மேற்கொண்டு பேசலாம். இல்லையென்றால் ஒரு வாய்த் தேநீரோடு அனுப்பிவிடுவார்கள்.

நல்ல மாதிரி விடாதவர்களின் கதைகள் பலவற்றைச் சுன்னாகத்துத் தேநீர்க்கடைகளில் நான் கேட்டிருக்கிறேன். வாங்கிய முற்பணம் முப்பதினாயிரத்தைத் தீர்க்காமல் ஓடியவன்; சம்பளத் தகராற்றில் மதவாச்சிச் சந்தியில் லொறியை ஓரங்கட்டி, திறப்பை இருக்கையில் வைத்துவிட்டு பஸ் ஏறியவன். அந்த லொறியில் ஏற்றியிருந்த பீற்றூட் வெயிலில் கிடந்து வாடிற்றாம். முதலாளிமார் இக்கதையைச் சொல்லும்போது பீற்றூட்டுக்காக இரங்குவர். சம்பளத் தகராறு எவ்வாறு முடிந்தது என்பதை எவரும் சொல்லக் கேட்டதில்லை.

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று 2014 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறிய எனக்கு லொறியோடு என்ன சம்பந்தம் என்று வாசகர் வினவக்கூடும். நியமனம் வரும் என்று காத்திருந்தோர் கூட்டத்தில் நானும் ஒருவன். 2017 இன் முற்பகுதியில் தொடங்கி யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன்னே வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் இருந்தார்களே, அந்தக் கொட்டகையிலும் பல பகற்பொழுதுகளைக் கழித்திருக்கிறேன். ஆனால் காத்திருப்போர்க்கும் வயிறு உண்டு. 2015 இல் எங்கள் பகுதி லொறி முதலாளி ஒருவரிடம் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். அவரிடம் மூன்று லொறிகள் இருந்தன. மூன்று சாரதிகள், மூன்று கிளீனர்கள், நான் என ஆக ஏழு பேர். கிளீனர் பையன்களில் ஒருவன் வராத இரவுகளில் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நானே கிளீனராக ஏறிவிடுவேன். சங்க இலக்கியத்தில் உமணரின் உப்பு வண்டிகளைப் பற்றிப் பரீட்சைக்குப் படித்தபோது விளங்காத சில விடயங்கள், பாரமேற்றிய லொறியின் முன்னிருக்கையில் நித்திரை கொள்ளாது விழித்திருந்தபோதே எனக்கு விளங்கின.

நான் ஏறிய லொறியை ஓட்டியவரை அண்ணை என்றே இங்கு குறிப்பிடுகிறேன். என்னிலும் இருபது வயது மூத்தவர். மாலை ஐந்து மணிக்கு வெங்காய மூட்டைகளின் மேல் படங்கை இழுத்துக் கயிறு போட்டோமாயின், முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைக்க இருட்டிவிடும். வவுனியா, மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம் என்று ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர் ஓடி, விடியற்புறத்தில் கொழும்பு மனிங் சந்தைக்குள் நுழையவேண்டும். அந்நாளில் அச்சந்தை புறக்கோட்டையிலே இருந்தது. பேலியகொடைக்கு இடம்மாறியது பிற்பாடுதான். பிந்தினால் விலை விழும். நாட்டாமிமார் வேறு லொறிக்குப் போய்விடுவர். கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையே வீதியின் சூடு தேடி மாடுகள் படுத்திருக்கும். அவற்றின் கண்கள் விளக்கு வெளிச்சத்தில் மின்னுவதற்கு முன்னரே அண்ணையின் கால் பிறேக்குக்குப் போய்விடும். எப்படித் தெரிந்தது என்று ஒருமுறை கேட்டேன். "மணக்கும் தம்பி" என்றார்.

அவருக்குச் சம்பளம் நடைக்கு இவ்வளவு என்பதே. போய்வந்தால் மூவாயிரம் ரூபா. மாதத்தில் எட்டு நடை கிடைத்தால் இருபத்துநாலாயிரம். லொறி கராஜில் நின்றால் அவருடைய அடுப்பும் ஓய்ந்து நிற்கும்.

முதலாளியைக் கொடியவராகத் தீட்டிக் காட்டினால் இக்கட்டுரை எழுதுவது எனக்கு எளிதாயிருக்கும். அவர் அப்படிப்பட்டவர் அல்லர். அவரும் ஒரு காலத்தில் சாரதியாயிருந்தவர். ஏ9 வீதி திறந்த பின்னர் லீசிங்கில் லொறி எடுத்தவர். மாதந்தோறும் தவணைப் பணம், ரயர், டீசல், கொழும்பு வியாபாரிகள் இழுத்தடிக்கும் பாக்கி எல்லாம் என் கையெழுத்திலேயே அப்புத்தகத்தில் இருந்தன. இரவில் அவர் நித்திரையின்றி நடமாடியதையும் கண்டிருக்கிறேன். அண்ணை 2009 இல் வன்னியிலிருந்து வெளியேறி மெனிக் பாம் முகாமில் இருந்து, பின் வெறுங்கையோடு ஊர் வந்தவர். அனுமதிப்பத்திரம் உட்பட சகல பத்திரங்களும் தொலைந்து போயிருந்தன. அவரைத் தம்முடைய மோட்டார்ச் சைக்கிளில் ஏற்றிக் கந்தோர் கந்தோராகக் கொண்டு திரிந்து, அனுமதிப்பத்திரத்தின் பிரதியை எடுப்பித்து, 2011 தை மாதத்தில் லொறித் திறப்பை அவர் கையில் கொடுத்தவர் இந்த முதலாளிதான். அண்ணையின் மனைவிக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது கேளாமலே காசு கொண்டுபோய்க் கொடுத்தார். அக்காசை முற்பணக் கணக்கில் எழுதும்படி மறுநாள் என்னிடம் சொன்னவரும் அவரே. இரண்டும் உண்மை.

2018 இல் எனக்கு ஆசிரிய நியமனம் கிடைத்தது. நான் விலகியதைப் போல நல்ல மாதிரி எவரும் விலகியிருக்கமாட்டார். கடிதமும் கேட்கவில்லை, காரணமும் கேட்கவில்லை. கராஜில் ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பாடு; எனக்கு ஒரு வெள்ளைச் சேட்டும் அம்மாவுக்கு ஒரு சேலையும். "எங்கடை லொறியிலை இருந்த பிள்ளை வாத்தியாராப் போகுது" என்று முதலாளி வருவோர் போவோர்க்கெல்லாம் சொன்னார். அவர் கண்கள் கலங்கியிருந்தன, என் கண்களுந்தாம்.

அன்றைக்கு நான் கையளித்த கணக்குப் புத்தகத்தில் ஒரு நிரல் இருக்கவேயில்லை. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம், ரி. பி. இலங்கரத்தின தொழில் அமைச்சராயிருந்த காலத்தில் வந்தது. ஊழியரின் உழைப்பூதியத்தில் நூற்றுக்கு 8 அவருடைய பங்காகவும், நூற்றுக்கு 12 முதலாளியின் பங்காகவும் மாதந்தோறும் செலுத்தப்படவேண்டும். 1980 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்பு நிதிச் சட்டத்தின்படி முதலாளி இன்னும் நூற்றுக்கு 3 செலுத்தவேண்டும். மாதச் சம்பளம் பெறுபவர்க்கு மட்டுமன்றி, நடைக்கு இவ்வளவு, துண்டுக்கு இவ்வளவு என்று பெறுபவர்க்கும் இது உரியது. இவையெல்லாம் எனக்குத் தெரியுமா? தெரியும். கொட்டகையில் இருந்த நாட்களில் தொழிலாளர் உரிமை பற்றிப் பிறர் பேசக் கேட்டு நானும் பேசியவன். அங்கே பேசிவிட்டு மாலையில் வந்து, அந்த நிரல் இல்லாத புத்தகத்தைத் திறந்து அழகான கையெழுத்தில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். மூன்று ஆண்டுகளில் ஒருநாளாவது முதலாளியிடம் அதைப்பற்றி வாய் திறந்தேனில்லை. எனக்கென்ன? எனக்கு அரசாங்க ஓய்வூதியம் வரவிருந்தது. ஏறிப் போக ஏணி உள்ளவனுக்கு எந்த இடத்தை விட்டும் நல்ல மாதிரி விலகுவது எளிது.

அவ்வாண்டின் இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணை என் வீட்டுக்கு வந்தார். முழங்கால் நோவு என்றும், இரவோட்டம் இனி ஏலாது என்றும் சொன்னார். கொழும்பு நிறுவனம் ஒன்று வடக்கிலே களஞ்சியம் ஒன்றைத் திறந்திருந்தது. பகலோட்டம் மட்டுமே, மாதச் சம்பளம், சேமலாப நிதி உண்டு. கேட்டிருக்கிறார்கள், ஓடியும் காட்டியிருக்கிறார். ஆனால் முன்பு வேலை செய்த இடத்திலிருந்து சேவைக் கடிதம் ஒன்று கொண்டுவரவேண்டுமாம். முதலாளியிடம் பக்குவமாய்ச் சொல்லி, ஒரு மாதத் தவணை கொடுத்தாயிற்று. அவருக்கும் மனவருத்தந்தான், எனினும் தடுக்கவில்லை.

அந்த ஒரு மாதத்தில் அண்ணை செய்தவற்றைப் பின்னர் கிளீனர் பையன் சொல்லக் கேட்டேன். புதிய சாரதியை ஓட்டவிட்டு, கடைசி மூன்று நடையும் தாம் கிளீனர் இருக்கையில் இருந்து போயிருக்கிறார். இரண்டாம் கியர் சில வேளைகளில் நழுவும். அப்போது எப்படிக் கைபிடிக்கவேண்டும். பாரம் கூடினால் பின்வலச் சக்கரம் எப்படிச் சத்தமிடும். எந்தச் சத்தம் வந்தால் பயப்படவேண்டாம், எந்தச் சத்தம் வந்தால் உடனே நிற்பாட்டவேண்டும். புத்தளத்துக்கு இப்பால் எந்தக் கடைக்காரர் நள்ளிரவிலும் எழுந்து சுடுதண்ணீர் தருவார். எந்த வியாபாரி மூட்டையைக் குறைத்து எண்ணுவான். மாடுகள் படுக்குமிடங்கள். இவற்றையெல்லாம் புதியவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கடைசி நாளில் ஜக்கு, சக்கரச் சாவி, கயிறு, படங்கு, மேலதிக ரயர், காப்புறுதிப் பத்திரம், வரிப்பத்திரம் எல்லாவற்றையும் எண்ணி ஒப்படைத்து, லொறியின் உட்பக்கத்தைத் தாமே கழுவித் துடைத்து, கண்ணாடியில் ஒட்டியிருந்த பிள்ளையார் படத்துக்குப் பூ வைத்துவிட்டு இறங்கினாராம். முற்பணத்தில் எஞ்சியிருந்த பதினோராயிரத்தையும் கடைசி மாதக் கூலியில் கழிக்கச் சொன்னவர் அவரே. அந்த மூன்று நடைக்கும் சாரதிக் கூலி புதியவனுக்குத்தான் போயிற்று; அண்ணைக்குக் கிளீனர் கூலி.

அன்றைய ஞாயிறுக்கு வருகிறேன். அவர் வந்தது கடிதம் எழுதுவிப்பதற்காக. "நீங்கள் தமிழ் படிச்சனீங்கள். நல்ல வடிவா, அவருக்கு மனம் நோகாமல் ஒரு விலகல் கடிதம் எழுதித் தாங்கோ தம்பி" என்றார். வயதில் இளைய என்னை அவர் பன்மையில் விளித்தது அன்றுதான் முதல் தடவை. நான் வாத்தியாராகிவிட்டேனல்லவா?

எழுதத் தொடங்குமுன் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியின் பின்புறத்தில் கணக்கொன்று போட்டுப் பார்த்தேன். மாதம் 24,000 என்று வைத்துக்கொண்டால் நூற்றுக்கு 20 வீதம் 4,800. எட்டு வருடம், 96 மாதம்: 460,800 ரூபா. முதலாளியின் பங்கு மட்டுமே 276,480. வட்டி சேர்க்கவில்லை. அந்தத் தொகையை அண்ணையிடம் காட்டினேன். அவர் கொப்பியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். தூரத்து ஊர்ப் பெயர்ப் பலகையை வாசிப்பவர் போலப் பார்த்தார்.

பணிக்கொடை பற்றியும் சொன்னேன். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், ஐந்து ஆண்டுச் சேவை முடித்தவர்க்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்கிறது. ஆயின் அது 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரை வைத்திருக்கும் முதலாளியையே கட்டுப்படுத்தும். நாங்கள் ஏழு பேர். ஏழு பேரில் ஒருவனாய் இருந்தவன் தொழில் நியாய சபைக்கு மனுச் செய்துதான் கேட்கவேண்டும். நியாய சபைக்குப் போய்விட்டு வந்தவனை "நல்ல மாதிரி விட்டவன்" என்று எந்த முதலாளி சொல்வார்? சேமலாப நிதியாயின் அப்படியன்று. தொழிற் காரியாலயத்தில் முறைப்பாடு கொடுத்தால் அவர்களே விசாரித்து அறவிடுவார்கள். இவ்வளவையும் ஒரு விரிவுரை போலவே சொல்லி முடித்து, கடிதத்தின் முதற் படியை எழுதி வாசித்துக் காட்டினேன். நன்றி சொல்லியிருந்தேன். அதற்கு அடுத்த பந்தியில், கடந்த எட்டு ஆண்டுகளுக்குரிய சேமலாப நிதிப் பங்களிப்புகளைச் செலுத்த ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டிருந்தேன்.

"உந்தப் பந்தியை வெட்டுங்கோ தம்பி" என்றார் அண்ணை.

ஏன் என்று கேட்டேன். அவர் தம் சட்டைப் பையிலிருந்து மடித்த துண்டுத்தாள் ஒன்றை எடுத்தார். முதலாளி சொல்ல வேறொருவர் எழுதியது. கடிதத்தில் "எல்லாக் கணக்கும் தீர்ந்தது" என்று ஒரு வரி இருக்கவேண்டும். அந்த வரி இருந்தால் அன்றைக்கே சேவைக் கடிதம் கிடைக்கும். அவ்வளவே. அதில் மிரட்டல் ஒன்றுமில்லை. யாரோ ஒரு கணக்காளர் முதலாளிக்குச் சொல்லிக்கொடுத்த புத்தியாக இருக்கலாம்.

நான் வாதாடினேன். உரிமை என்றேன், சட்டம் என்றேன். அண்ணை கோபிக்கவில்லை. "என்ரை கையிலை ஒரு துண்டுக் கடதாசி இல்லாத நேரம் அந்த மனிசன் என்னைக் கூட்டிக்கொண்டு திரிஞ்சது. அதுக்கு நான் என்ன கணக்குப் போடுறது?" என்றார். சற்றுப் பொறுத்து, "அதை விடுங்கோ. சேவைக் கடிதம் இல்லாட்டில் இந்த வேலை இல்லை. வழக்குப் பேசிற காலத்துக்கு வீட்டிலை ஆர் உலை வைக்கிறது?" என்றார். முதலாவது அவருடைய மனம். இரண்டாவது அவருடைய நிலைமை. இவற்றுள் எது எதற்குப் போர்வை என்று அன்று நான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். அவருக்கோ பின்னேரம் பஸ் போய்விடும் என்ற அவசரம்.

"கணக்குப் புத்தகம் நீங்கள்தானே எழுதினனீங்கள்? அப்ப ஒருநாளும் சொல்லேல்லையே" என்று எழும்பும்போது கேட்டார். குற்றஞ்சாட்டும் குரல் அன்று. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மேசைக்குப் போய் இரண்டாம் படியை எழுதினேன். "எனக்குச் சேரவேண்டிய சம்பளம் உள்ளிட்ட கொடுப்பனவுகள் யாவும் குறைவின்றிக் கிடைத்துள்ளன என்பதை மனமகிழ்வுடன் உறுதிப்படுத்துகின்றேன்." நான்கு ஆண்டு பல்கலைக்கழகத்தில் கற்ற தமிழ் அந்த வரியில் இருக்கிறது. ஒற்று மிகவேண்டிய இடத்தில் மிகுந்திருக்கிறது. "மனமகிழ்வுடன்" என்ற சொல்லை எவரும் கேட்கவில்லை. வசனத்தின் ஓசைக்காக நானே சேர்த்தது.

முதலாளிக்குக் கடிதம் மிகவும் பிடித்திருந்ததாம். சேவைக் கடிதத்தையும் என்னையே எழுதித்தரச் சொல்லி அனுப்பினார், அதையும் எழுதினேன். ஒரே வாரத்தில் இரு பக்கத்துக்கும் நானே எழுத்தர். நேர்மை, நிதானம், மதுவருந்தாமை, எட்டு ஆண்டுகளில் ஒரு விபத்துமின்மை என்று எழுதியவை அனைத்தும் மெய். அண்ணைக்கு வேலை கிடைத்தது. பிரியாவிடைச் சாப்பாட்டுக்கு என்னையும் அழைத்தார்கள். அதே ஆட்டிறைச்சிக் கறி; அதே வெள்ளைச் சேட்டு.

2022 வந்தது. ஆண்டின் தொடக்கத்தில் 121 ரூபாவாயிருந்த ஒரு லீற்றர் டீசல் ஆனி மாத இறுதியில் 460 ஆயிற்று. அந்த விலைக்கும் நாட்கணக்கில் வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. முதலாளியின் மூன்று லொறிகளில் ஒன்றைத் தவணை கட்டாததற்காக லீசிங்காரர் கொண்டுபோயினர். ஒன்றை அவரே விற்றார். எஞ்சிய ஒன்றை இன்று அவரே ஓட்டுகிறார். அறுபதைக் கடந்த வயதில் இரவோட்டம். அவருக்கும் சேமலாப நிதி கிடையாது.

அண்ணை 2025 இல் 55 வயது நிறைந்ததும் நிறுவனத்தை விட்டு நின்றுவிட்டார். முழங்கால் முற்றாக மறுத்துவிட்டது. அங்கே விலகுவதற்குக் கடிதம் எழுதுவிக்கத் தேவை இருக்கவில்லை. அச்சிட்ட படிவமொன்றில் கையொப்பமிட்டாராம். நன்றி சொல்ல ஒருவரும் இல்லை. சொல்லும்படி ஒருவரும் கேட்கவுமில்லை. ஆறு ஆண்டு ஓட்டிய வாகனத்தின் திறப்பைக் காவலாளி வாங்கி ஒரு பெட்டிக்குள் போட்டானாம். "ஒரு தேத்தண்ணிகூட இல்லைத் தம்பி" என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் ஆறு ஆண்டுக்குரிய பங்களிப்பு ஒரு மாதமும் தவறாமல் அவர் பெயரில் இருந்தது. அதை எடுப்பதற்குரிய படிவத்தை நிரப்பவே சென்ற மாதம் என்னிடம் வந்திருந்தார்.

பெயர், அடையாள அட்டை இலக்கம், அங்கத்துவ இலக்கம், வங்கிக் கணக்கு என ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போனேன். வீட்டுக் கூரையின் ஒரு பக்கத்தை இந்தக் காசில் மாற்றலாம் என்றார். மற்றப் பக்கத்தைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பழைய அப்பியாசக் கொப்பி இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. 460,800 என்ற எண்ணின் கீழே அன்று நான் இரண்டு கோடு இழுத்திருக்கிறேன்.

படிவத்தை மடித்து உறையில் இட்டுக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி வைத்துவிட்டு, பையிலிருந்து மஞ்சள் பூசிய இன்னோர் உறையை எடுத்துக் காட்டினார். முதலாளியின் மகளுக்குத் திருமணம். எனக்கும் அதே அழைப்பு வந்திருந்தது.

"ஒண்டாப் போவம் தம்பி. நான் ஐயாயிரம் வைக்கலாமெண்டு இருக்கிறன். குறைஞ்சிடுமோ?"

காணும் அண்ணை என்றேன். காணாது என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு, சைக்கிளை உருட்டியபடி படலையைத் தாண்டிப் போனார்.